குரல் எங்களுடையது, பெயர் எவருடையது?

"இண்டி பாப்பும் ட்ரிப் ஹாப்பும் கலந்த முதல் ஆல்பம்" என்று ஒரு பாடகர் அறிவித்தால் நம்ம கல்லூரிப் பிள்ளைகள் உடனே காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கேட்கட்டும். நான் குறுக்கே நிற்க வரவில்லை. கேட்டு முடித்தபிறகு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள் தோழர்களே. அந்த ஆல்பத்தில் யார் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று படியுங்கள். எழுதியது யார், மெட்டுப் போட்டது யார், கிடார் வாசித்தது யார் என்பதெல்லாம் சுத்தமாக இருக்கும். மூன்றாவது பாட்டில் பத்து வினாடி வந்துபோகிற பறையை அடித்தது யார்? நடுவில் அழுகிற கிழவியின் குரல் எந்த ஊர்க் குரல்? தேடிப் பாருங்கள். பெரும்பாலும் "நாட்டுப்புற இசை" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள்.

கிடாருக்குப் பெயர் உண்டு, பறைக்கு வகை மட்டும்தான் உண்டு. இந்த வித்தியாசத்துக்கு இசையில் காரணம் கிடையாது. சாதியில்தான் காரணம் இருக்கிறது. நான் பேச வந்தது இதைத்தான்.

'இண்டி' என்றால் சுயேச்சை என்று பொருள் சொல்கிறார்கள். எதிலிருந்து சுயேச்சை? சினிமாக் கம்பெனியிலிருந்து. சரி, நல்லதுதான். தமிழில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்று ஆகிப்போன நாட்டில், கதாநாயகன் காலில் விழாமல் ஒருவர் பாடுவது பெரிய காரியம். ஆனால் சினிமாவிலிருந்து விடுதலையானவர் சாதியிலிருந்தும் விடுதலையாகிவிட்டார் என்று யார் சொன்னது? ஸ்டுடியோ வாடகை கட்ட முடிந்தவர், ஆங்கிலப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கத் தெரிந்தவர், மாநகரத்தில் சொந்தபந்தம் உள்ளவர் சுயேச்சையாக இருக்கலாம். சேரியிலிருந்து போகிற பையனுக்கு அந்தச் சுயேச்சைக்கு வாசல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பழைய சபா வாசலில் 'உள்ளே வராதே' என்றான். புது ஸ்டுடியோ வாசலில் 'உன் சத்தம் மட்டும் உள்ளே வரட்டும்' என்கிறான்.

உடனே சிலர் கேட்பார்கள்: "அப்போ கலப்பே கூடாது என்கிறாயா? பறையை அப்படியே சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டுமா?" இல்லை. சுத்தம் என்பது அவர்கள் சொல், நம் சொல் கிடையாது. 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே அண்ணல் அம்பேத்கர் சொல்லிவிட்டார், சாதியின் உயிர்நிலை அகமணம் என்று. கலக்காதே என்று நம்மை ஊருக்கு வெளியே தள்ளினவர்கள் அவர்கள். கலப்பு நமக்கு எதிரி ஆகவே முடியாது. கானா யாருடைய கலப்பு? வடசென்னையில் சித்தர் பாட்டும் இஸ்லாமியர் பாட்டும் சாவு வீட்டுப் பாட்டும் சினிமா மெட்டும் கலந்து வந்ததுதானே கானா? நாம் கலந்தபோது 'குப்பத்துப் பாட்டு' என்று மூக்கைப் பொத்தினவர்கள், இன்றைக்குத் தாங்கள் கலக்கும்போது அதை 'பரிசோதனை' என்கிறார்கள். நான் எதிர்ப்பது இந்தக் கள்ளக் கலப்பை: பாட்டுக்குள்ளே கலப்பு மணம், அட்டைப்படத்தில் அகமணம்.

இந்த ட்ரிப் ஹாப் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விசயம் இன்னும் தெளிவாகும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்று ஒரு துறைமுக ஊர். ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தில் கொழுத்த ஊர். கறுப்பரைப் பேருந்தில் வேலைக்கு வைக்கமாட்டோம் என்ற நிறத்தடையை எதிர்த்து 1963-இல் அங்கே கரீபிய மக்கள் பேருந்துப் புறக்கணிப்பு நடத்தி ஜெயித்தார்கள். 1980 ஏப்ரலில் செயின்ட் பால்ஸ் பகுதியில் போலீஸ் புகுந்தபோது கலவரம் வெடித்தது. அந்தத் தெருக்களில் ஜமைக்காவிலிருந்து வந்த பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கிவைத்துப் பாட்டுப் போட்ட கூட்டங்களில் ஒன்று 'வைல்ட் பஞ்ச்'. அதிலிருந்து வந்தவர்கள்தான் 'மாசிவ் அட்டாக்'. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த குழு. 1991-இல் 'புளூ லைன்ஸ்' என்று முதல் ஆல்பம் போட்டார்கள். ஜமைக்காவின் மூத்த ரெக்கே பாடகர் ஹோரஸ் ஆண்டியை அதில் பாடவைத்தார்கள், பெயர் போட்டார்கள், பிறகு வந்த ஆல்பங்களிலும் கூடவே வைத்துக்கொண்டார்கள். பெரியவரின் குரலை வெட்டி ஒட்டிவிட்டு 'கரீபிய நாட்டுப்புறம்' என்று எழுதவில்லை.

'ட்ரிப் ஹாப்' என்ற பெயரே அவர்கள் வைத்தது கிடையாது. 1994-இல் 'மிக்ஸ்மாக்' பத்திரிகையில் ஒரு எழுத்தாளர், அதுவும் ஒரு அமெரிக்கக் கலைஞரின் இசையைப் பற்றி எழுதும்போது போட்ட பெயர். பிரிஸ்டல்காரர்களுக்கு அந்த முத்திரை பிடிக்கவே இல்லை. ஆனாலும் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச காலத்தில் காபிக்கடையில் மெதுவாக ஓடவிடுகிற பின்னணிச் சத்தமாக அதை ஆக்கிவிட்டார்கள். கலவரத் தெருவிலிருந்து வந்த இசை, சோபாவில் சாய்ந்துகொள்கிற இசையாயிற்று. பெயர் வைக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவனே பொருளையும் மாற்றிவிடுவான் என்பதற்கு இது சாட்சி.

அந்தப் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. அடிமை வியாபாரி எட்வர்ட் கோல்ஸ்டன் பெயரில் அவர்கள் சொந்த ஊரிலேயே பெரிய இசை அரங்கம் இருந்தது. அந்தப் பெயர் இருக்கும்வரை அங்கே வாசிக்கமாட்டோம் என்று மாசிவ் அட்டாக் மறுத்தது. 2020 ஜூன் 7 அன்று மக்கள் கோல்ஸ்டன் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். அதே ஆண்டு அரங்கத்தின் பெயரும் மாறியது. ட்ரிப் ஹாப்பின் தாளத்தை மட்டும் இறக்குமதி செய்கிற நம்ம ஊர் இண்டிக்காரர்கள் இந்த மறுப்பையும் சேர்த்து இறக்குமதி செய்யலாமே? செய்யமாட்டார்கள். அதற்குச் சுங்கம் அதிகம்.

பிரிஸ்டல் கதையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ட்ரிக்கி என்ற கறுப்பினக் கலைஞர் 1995-இல் தன் முதல் ஆல்பத்துக்குச் செத்துப்போன தன் அம்மாவின் பெயரை வைத்தார்: 'மாக்சின்கே'. அம்மா பெயரை உலகம் முழுக்கச் சொல்லவைத்தது பெரிய காரியம். ஆனால் அந்த ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகளில் கேட்கிற குரல் மார்ட்டினா டாப்லி-பேர்ட் என்ற இளம்பெண்ணின் குரல். அட்டையில் ட்ரிக்கியின் பெயர்தான். மார்ட்டினா தன் பெயரில் முதல் ஆல்பம் 'குயிக்சாட்டிக்' போட 2003 ஆயிற்று. எட்டு வருசம். ஒடுக்கப்பட்டவன் மேலே வரும்போதும் அவன் பக்கத்தில் நின்ற பெண்ணின் பெயர் பின்னால்தான் வருகிறது. இதை அங்கே மட்டும் நடக்கிற சங்கதி என்று நினைத்துக்கொண்டு யாரும் தப்பிக்க வேண்டாம்.

இப்போது நம்ம பக்கம் வருவோம். 2001-இல் லண்டனில் பிறந்த தமிழ்ப் பாடகி சுசீலா ராமன் 'சால்ட் ரெய்ன்' என்று முதல் ஆல்பம் கொண்டுவந்தார். மேற்கத்தியக் கருவிகளும் கர்நாடக இசையும் கலந்த ஆல்பம். பிரிட்டனின் மெர்குரி பரிசுப் பட்டியல்வரை போயிற்று. அதில் 'நகுமோமு' இருக்கிறது. அது யாருடையது என்று எந்த ரசிகரைக் கேட்டாலும் தியாகராஜர் என்று சொல்லிவிடுவார். கிடாரோடு சேர்ந்து லண்டனுக்குப் போனாலும் தியாகராஜர் தியாகராஜராகவேதான் போகிறார். நான் சுசீலா ராமனைக் குற்றம் சொல்லவில்லை. அவர் செய்ததுதான் சரி. என் கேள்வி வேறு. இருநூறு வருசத்துக்கு முன்பு பாடினவரின் பெயர் கடல் தாண்டியும் அழியவில்லை. நேற்று ராத்திரி சாவு வீட்டில் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து, அங்கேயே சொல் கட்டி, அங்கேயே மெட்டுக் கட்டி ஒப்பாரி வைத்த கிழவிக்கு மட்டும் பெயர் எப்படி இல்லாமல் போயிற்று? கீர்த்தனைக்காரர் பாட்டில் தன் முத்திரையை வைத்தார். ஒப்பாரிக்காரி செத்தவர் பெயரை வைத்தாள். அதற்குத் தண்டனையா இது?

இந்தக் கேள்வி 2021-இல் வெட்டவெளிக்கு வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் 'மாஜா' என்ற நிறுவனம் மூலமாக 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்தது. பாடகி தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன் மூவரும் அதில் இருந்தார்கள். ஒப்பாரியும் ராப்பும் இண்டி பாப்பும் கலந்த பாட்டு. கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். நிலமற்ற கூலிகளாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு துரத்தப்பட்டுத் திரும்பின சனங்களின் கதை அது. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதை. கேட்ட நம்ம கிழவிகள் அழுதார்கள்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அவர்களைக் கொண்டாடக் காரணமாகச் சொல்லப்பட்ட 'என்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' இரண்டு பாட்டுகளுக்கும் வரி எழுதின அறிவு அட்டையில் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். சத்தம் எழுந்தபிறகு அறிவுக்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. பந்தி முடிந்தபிறகு தனி இலை! 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் உலகமே பார்க்க அந்தப் பாட்டு பாடப்பட்டது. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு இல்லை. சில நாளில் அறிவு எழுதினார், இந்தப் பாட்டை இயற்றியதும் எழுதியதும் பாடியதும் நான் என்று. மற்ற இருவரும் மறுத்தார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்ததால் வரமுடியவில்லை, அவர் பங்கை நாங்கள் எப்போதும் சொல்லிவந்திருக்கிறோம், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து எங்கள் யாருக்கும் ஒரு காசும் வரவில்லை என்று அறிவித்தார்.

யார் மெட்டு, எத்தனை சதவீதம் என்று பஞ்சாயத்துப் பண்ண நான் வரவில்லை. பாடின பெண்மேல் கல்லெறிகிற கூட்டத்திலும் நான் சேரமாட்டேன். அட்டையை வடிவமைத்தது அந்தப் பெண் கிடையாது. நான் கேட்பது: மூன்று பேர் சேர்ந்து செய்த பாட்டில், வெளியே இருக்கிற பத்திரிகைக்காரனுக்கும் விளம்பரக்காரனுக்கும் 'மறந்துபோகிற' ஆள் ஏன் எப்போதும் ஒரே ஆளாக இருக்கிறான்? யாரும் கூடி உட்கார்ந்து சதி செய்ய வேண்டிய அவசியமே இல்லை. சாதி அப்படி வேலை செய்வதில்லை. அது கண்ணைப் பழக்கிவைத்திருக்கிறது. யார் முகம் அட்டைக்குப் பொருத்தம், யார் குரல் பின்னணிக்குப் பொருத்தம் என்பதை அந்தப் பழகின கண்ணே தீர்மானித்துவிடுகிறது.

சென்னை, மும்பை என்று தூரத்தில் கைகாட்டினால் போதாது. சுண்ணாம்பாற்றுப் பாலம் தாண்டித் தவளக்குப்பத்திலிருந்து அரை மணி நேரம் பஸ்ஸில் போனால் வெள்ளை நகரம். பிரான்சில் 1982-இல் தொடங்கின ஜூன் 21 இசைத் திருநாளை அங்கேயும் கொண்டாடுகிறார்கள். நல்ல விழா. கடற்கரையோர உணவகங்களில் வாரக்கடைசியில் 'ஃப்யூஷன் மாலை' நடக்கிறது. சில வருசம் முன்பு அப்படி ஒரு மாலைக்கு எங்கள் பறைக்குழுவைக் கூப்பிட்டார்கள். ஆறு பேர் போனோம். சுவரொட்டியில் பாடகர் பெயர், கிடார்காரர் பெயர், சமையல்காரர் பெயர்கூட இருந்தது. எங்களுக்கு 'உள்ளூர்த் தாளக் கலைஞர்கள்' என்று ஒரு வரி. "ஏன் சார் எங்க பேரு இல்ல?" என்று கேட்டோம். "ப்ரோ, நீங்க ஒரு ஃபீல், அதுல பேரு போட்டா கெட்டுடும்" என்றார் ஏற்பாட்டாளர். அன்றைக்குப் பதிவுசெய்த எங்கள் அடி பிற்பாடு ஒரு பாட்டில் வந்தது. அதிலும் பெயர் இல்லை. நாங்கள் மனுசங்க இல்லையாம், 'ஃபீலாம்'.

இந்தப் புதுச்சேரி மண்ணில் பெயர் என்பது சின்ன விசயம் கிடையாது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து மொரிசியசுக்கும் ரீயூனியனுக்கும் அடிமைகளைக் கப்பலேற்றினார்கள். ஆட்களைப் பிடித்து விற்ற கதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே இருக்கிறது. 1848-இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்தபிறகு அதே கப்பல்களில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் வரைக்கும் போனார்கள். அவர்களோடு தப்பும் போயிற்று. ரீயூனியனில் 'மல்பார்' எனப்படும் தமிழ் வம்சத்தார் தீமிதியில் அடிக்கிற அந்தத் தோல்மேளத்துக்கு இன்றும் தப்பு என்றுதான் பெயர். தாய்மொழியை மறந்தவர்கள் அந்தப் பெயரை மறக்கவில்லை. 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. தன் சாதிவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வருகிறவர்கள் தங்களுக்கென்று ஒரு குடும்பப் பெயரைப் பதிந்துகொள்ளலாம். 'ரெனோன்சான்' என்று அழைக்கப்பட்ட அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியாரும் கிறித்தவர்களும் ஏராளம். சாதி இந்துக்கள் ஏன் அவ்வளவு எரிந்து விழுந்தார்கள்? பறையன் பதிவேட்டில் பெயரோடு நிற்கிறான் என்பதுதான் எரிச்சல். அதே எரிச்சல்தான் இன்றைக்கு ஆல்பம் அட்டைவரை வந்திருக்கிறது.

சில மறுப்புகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

"நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் இல்லை" என்கிறார்கள். பழைய பாட்டுக்கு இல்லாமல் இருக்கலாம். நீ மைக் வைத்துப் பதிவுசெய்தபோது எதிரே உட்கார்ந்து பாடினது ஆள்தானே? பேய் இல்லையே? 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், பாட்டு எழுதினவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது என்று ஆக்கியது. நிகழ்த்துகிற கலைஞருக்கும் 'இது என் நிகழ்ச்சி' என்று பெயர் கோரும் உரிமையைக் கொடுத்தது. அந்த உரிமையிலும் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள், பயன்படுத்தும் விதத்தால் பெயர் விடுபடலாம் என்று. அந்தச் சந்தில்தான் நம்ம ஆட்கள் காணாமல் போகிறார்கள். சட்டம் தெரிந்த நம் மாணவர்கள் இதைக் குழுக்களுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"கலைக்குச் சாதி இல்லை" என்கிறார்கள். கலைக்கு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கவருக்கு இருக்கிறதே? பாடகருக்கு வங்கியில் போகிறது, பறைக்காரனுக்குக் கவரில் மடித்துக் கையில் வருகிறது.

நம்ம தோழர்களே சிலர் சொல்வார்கள்: "பறை நம்மேல் சுமத்தப்பட்ட அடிமைத் தொழில். அதைத் தூக்கி எறிய வேண்டிய நேரத்தில் பெயர் கேட்டுக்கொண்டிருக்கிறாயே!" சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து அடிவாங்கின ஊர்கள் நமக்கு முன்னோடிகள். அந்த மறுப்பும் இந்தக் கோரிக்கையும் ஒன்றுதான். கட்டாயத்துக்கு அடிக்கமாட்டேன் என்றவன் அதே வாயால் சொல்கிறான், அடித்தால் என் பெயரில்தான் அடிப்பேன் என்று.

முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. செய்து காட்டியிருக்கிறோம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்து 2016 ஜனவரியில் மறைந்த கே.ஏ. குணசேகரன், இன்குலாப்பின் 'மனுசங்கடா'வை ஊரூராகக் கொண்டுபோனார். வெண்மணியில் 1968-இல் 44 உயிர் எரிக்கப்பட்ட நெருப்பிலிருந்து பிறந்த பாட்டு. எழுதியவர் பெயரும் பாடியவர் பெயரும் கேட்டவர்களுக்குத் தெரியும். எந்தக் கம்பெனியும் அதை வளர்க்கவில்லை. சுயேச்சை என்றால் அது சுயேச்சை!

2018 ஜனவரி 6 அன்று சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து எடுத்த பெயர். பா. ரஞ்சித்தின் நீலமும் இண்டி இசைக்காரர் தென்மாவும் சேர்ந்து கட்டின குழு. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த அந்த மேடையில் சட்டியும் பறையும் கிடாரும் ஒரே வரிசையில் நின்றன. 2019-இல் அறிவும் ஒஃப்ரோவும் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது இரண்டு பெயரும் ஒன்றாகவே வந்தன. பிற்பாடு அறிவு தன் ஆல்பத்துக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயர் வைத்தார். 'நாட்டுப்புறம்' என்ற மூட்டைக்குள் போகாமல், ஒரு தோட்டத் தொழிலாளிக் கிழவி தன் பேரோடு வெளியே வந்தாள்.

நம் கணக்கையும் பார்க்க வேண்டும். கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் 19 பேர் ஏறினபோது பெண் ஒருவர்தான், இசைவாணி. 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. 2024 நவம்பரில், பல வருசத்துக்கு முன்பு பாடின ஐயப்பன் பாட்டைத் தோண்டியெடுத்து அவரை மிரட்டினார்கள். அவர் பெயர் தெரிந்தவுடனே தாக்க வந்தார்கள். பெயரில்லாத குரலை யாரும் மிரட்டுவதில்லை. அதனால்தான் பெயர் அரசியல் ஆகிறது. ஒரு பெண் 19 பேருக்கான பாரத்தைச் சுமக்கும்படி நாம் விட்டுவிடக் கூடாது. நம் குழுக்களில் பின்பாட்டுப் பாடுகிற அக்காமார், ஒப்பாரி சொல்லிக்கொடுக்கிற ஆயாமார் பெயர்களை நாம் அச்சிட்டிருக்கிறோமா?

ஆகவே தோழர்களே, கோரிக்கைகளைத் தெளிவாகவே வைப்போம்.

பத்து வினாடி வந்தாலும் குரலுக்கும் அடிக்கும் பெயரும் ஊரும் போட வேண்டும். 'நாட்டுப்புறம்', 'பழங்குடி', 'உள்ளூர்க் கலைஞர்கள்' என்ற பெயரில்லாப் பொட்டலங்களை ஏற்கமாட்டோம். பதிவுக்கு முன்னால் தமிழில் எழுதின ஒப்பந்தம் வேண்டும். அதைப் படித்துக்காட்டின பிறகுதான் கைநாட்டோ கையெழுத்தோ. ராயல்டியில் பங்கு உண்டு என்பதும் அதில் இருக்க வேண்டும். கவரில் வாங்குகிற பணத்துக்கு ரசீது கேட்போம். மறுத்தால் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வருவோம்.

நமக்கும் வேலை இருக்கிறது. கையில் இருக்கிற செல்போன் போதும், நம் கிழவிகளின் பாட்டைப் பதிவுசெய்ய. தவளக்குப்பத்திலும் அபிசேகப்பாக்கத்திலும் பூரணாங்குப்பத்திலும் பாடத் தெரிந்த ஆயாக்கள் இன்னும் இருக்கிறார்கள். பதிவின் தொடக்கத்திலேயே அவர்களைத் தங்கள் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். தேதி, ஊர், சொல்லிக்கொடுத்தவர் பெயர், எல்லாம் அவர்கள் வாயாலேயே பதியட்டும். நாளைக்கு யாராவது அதை வெட்டி எடுத்துக்கொண்டு போய் ட்ரிப் ஹாப்பில் கலந்தால், நம்மிடம் சாட்சி இருக்கும்.

இண்டிக்காரர்களே, கலக்க வாருங்கள். எங்கள் தெருவுக்கே வாருங்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு எங்களோடு உட்கார்ந்து பாட்டுப் போடுங்கள். அட்டையில் எங்கள் பெயரை உங்கள் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். அதற்கு மனசு வராதவர்கள் எங்கள் சத்தத்தைத் தொடாமல் போய்விடுங்கள்.